அழுகிற பிள்ளையை அப்பத்தாவிடம் அனுப்பிவிடலாமா?

கேள்வி:

மதுரையில் மாமனார், மாமியார், கொழுந்தனார் என்று கூட்டுக் குடும்பமாக இருந்தோம். கணவருக்கு வங்கியில் மாற்றல் வந்ததால் ஜூன் முதல் வாரத்தில் குன்னூருக்குக் குடிவந்தோம். மகனுக்கு மூன்று வயது எட்டு மாதம், மகளுக்கு எட்டு மாதம். வந்த பத்தாம் நாளே மகனை வீட்டருகில் இருக்கும் ஆங்கிலவழி மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். இரண்டரை மாதமாகியும் தினமும் அழுகை. அவன் விளையாட்டுச் சாமான் பக்கம் திரும்பும்போது சொல்லாமல் கிளம்பிவிடும்படி பள்ளியில் சொன்னார்கள். அப்படியே செய்து வருகிறேன். இப்போது நான் குளியலறைக்குப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வந்துவிட்டது. பள்ளியில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லையாம். வீட்டில் ஆங்கிலத்தில் பேசிப் பழக்குங்கள் என்கிறார் ஆசிரியை. அடிக்கடி சளி பிடிக்கிறது. ‘குளிர் பிள்ளைக்கு ஆகவில்லை, ஐந்து வயது வரை என்னிடம் விட்டுவை’ என்று மாமியார் தினமும் இரவு வீடியோ அழைப்பில் அழுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்வருகிறோம். திரும்பியதும் நிலைமை இன்னும் மோசமாகிறது. கணவர் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பதோடு சரி. எனக்கு இங்கே பேசக்கூட ஆளில்லை. வீட்டுக்காரர் கொடுத்த கரி அடுப்பை இரவில் கைக்குழந்தைக்காக அறையில் வைத்துக்கொண்டு படுக்கிறோம். மகனை மதுரையில் விடுவதா, பள்ளியை மாற்றுவதா, நிறுத்திவிடுவதா?

– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: குழந்தைகள் நல மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்றிரவே செய்ய வேண்டியது. அந்தக் கரி அடுப்பைப் படுக்கையறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். புகை அடங்கி, சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கரியைப் பார்த்து ‘இனி பயமில்லை’ என்று நினைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர்கள் விழிக்காமலேயே போய்விடுவார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்காகக் கரியை அறைக்குள் வைத்துப் படுத்த சுற்றுலாப் பயணிகள் இறந்த செய்திகளை நீங்களே பத்திரிகையில் படித்திருப்பீர்கள். குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள் என்பதால் விஷம் அவர்களுக்குள் சீக்கிரம் ஏறும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்ற சமாதானமும் வேண்டாம். வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்து இதமாக்கி, குழந்தையைக் கிடத்துவதற்கு முன்னால் பையை எடுத்துவிடுங்கள். முழுக்கை உடையும் காலுறையும் போதும். முகத்தை மூடும்படி கம்பளி போர்த்தாதீர்கள்.

இனி மகன் விஷயம். அவனை மதுரையில் விட வேண்டாம். பள்ளியை உடனே மாற்றவும் வேண்டாம். நிறுத்தவும் வேண்டாம், ஆனால் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் இன்னும் குன்னூருக்கு வந்து சேரவில்லை. மாமியார் அனுப்பிவை என்கிறார். நீங்கள் அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். மாதத்தில் இரண்டு முறை பெட்டி கட்டுகிறீர்கள். கணவர் காலையில் வங்கிக்குள் நுழைந்துவிடுகிறார். இந்த வீடு நிலைக்குமா, நாளைக்கு அம்மா இருப்பாளா என்றே நிச்சயமில்லாத பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்? உங்கள் முந்தானையைத்தான்.

ஜூன் மாதத்தில் அவனுக்கு என்னென்ன போயிற்று என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். சோறூட்டிய அப்பத்தா, கடைக்குக் கூட்டிப்போன தாத்தா, வண்டியில் முன்னால் உட்காரவைத்துச் சுற்றிய சித்தப்பா, தெருவில் பேர் சொல்லிக் கூப்பிட்ட அத்தனை பேர். வீட்டுக்கு வெளியே ஓடினால் காய்கிற வெயில்கூடப் போய்விட்டது. மழையும் மூடுபனியுமாக வீட்டுக்குள் அடைந்துகிடக்கிறான். அதற்குச் சில மாதம் முன்பே அம்மாவின் மடியில் பாதி தங்கைக்குப் போயிருந்தது. இத்தனைக்கும் மேலே பத்தாம் நாள் பள்ளி, அதுவும் புரியாத மொழியில். இதில் அழாத பிள்ளை வந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

மதுரையில் விடுவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கிற ஏற்பாடு, தப்பான எண்ணத்தோடு யாரும் செய்வதில்லை. உங்கள் மாமியாரின் அன்பில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் நன்றாகவே வளர்ப்பார். ஆனால் பையன் இதை எப்படிப் புரிந்துகொள்வான்? ‘அப்பா, அம்மா, தங்கைப் பாப்பா மூன்று பேரும் மலையில் இருக்கிறார்கள். நான் அழுதேன், அதனால் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.’ மூன்றரை வயதில் காரணம் கற்பிப்பது இப்படித்தான் நடக்கும். தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஐந்து வயதில் திரும்ப அழைத்து வரும்போது அப்பத்தாவைப் பிரிகிற இன்னொரு துக்கம் காத்திருக்கும். அப்போது அவனுக்கு நீங்கள் விடுமுறைக்கு வந்துபோன உறவினர் மாதிரி ஆகியிருப்பீர்கள். கைக்குழந்தை பிறந்த வீட்டில் மூத்ததை மட்டும் அனுப்புவது என்னைக் கேட்டால் செய்யவே கூடாதது. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நீங்கள் போய், கணவர் இங்கே தனியாக இருப்பதுகூட இதைவிட மேல். அதுவும் இப்போது அவசியமில்லை.

சொல்லாமல் கிளம்புகிற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். பள்ளிகளில் இதை ஏன் சொல்கிறார்கள் என்று தெரியும்: வாசலில் அழுகை குறையும், வகுப்பு சீக்கிரம் தொடங்கும். அதற்கான விலையை நீங்கள்தான் வீட்டில் கொடுக்கிறீர்கள். ஒரு நிமிடம் பொம்மையைப் பார்த்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்று அவன் பாடம் கற்றுக்கொண்டான். அதனால் பொம்மையைப் பார்ப்பதில்லை, உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். குளியலறைக் கதவைத் தட்டுவது இந்தப் பாடத்தின் வீட்டுப் பயிற்சி. அடம் என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

விடைபெறுவதற்கு ஒரு முறை வேண்டும், அது தினமும் மாறாமல் இருக்க வேண்டும். வாசலில் ஷூவைக் கழற்றுவது, பையை அவனுடைய ஆணியில் மாட்டுவது, ஒரு முத்தம், ஒரே வாக்கியம், பிறகு திரும்பிப் பார்க்காமல் நடப்பது. அந்த வாக்கியத்தில் ‘பன்னிரண்டு மணிக்கு வருவேன்’ என்று சொல்லிப் பயனில்லை. அவனுக்குக் கடிகாரம் தெரியாது. ‘தின்பண்டம் சாப்பிட்டு, கை கழுவி, பாட்டுப் பாடி முடித்ததும் அம்மா இந்த வாசலில் நிற்பேன்’ என்று அவன் நாளில் நடக்கிற காரியத்தைக் கொண்டு சொல்லுங்கள். சொன்னபடி நிற்கவும் வேண்டும். மலையில் மினி பஸ்ஸை நம்பிக் கணக்குப் போடக் கூடாது என்பது இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். மற்ற பிள்ளைகளெல்லாம் போய்விட்டு இவன் மட்டும் ஆயாவோடு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு நாள் பல நாள் முயற்சியைக் கெடுத்துவிடும்.

அழுவான். நீங்கள் சொல்லிவிட்டுப் போகிற முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகவே அழுவான். வாசல் தாண்டியதும் நின்று மறைவிலிருந்து எட்டிப்பார்க்காதீர்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அழுகை நிற்கிறது என்பதை மட்டும் ஆசிரியையிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் குறைந்துவந்தால் வாசலில் எவ்வளவு சத்தம் போட்டாலும் கவலையில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றரை மணி நேரம் போதும். அதில் முதல் சில நாள் நீங்களோ கணவரோ வகுப்பறை மூலையில் உட்கார்ந்திருக்க அனுமதி கேளுங்கள். கணவர் என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அவருக்கு என் சார்பில் இந்தப் பத்தியைப் படித்துக்காட்டுங்கள். ஐயா, பிள்ளைகள் தாமாகப் பழகுவதில்லை. யாராவது பக்கத்தில் நின்று பழக்குகிறார்கள். உங்கள் வங்கி பத்து மணிக்குத்தான் வாடிக்கையாளருக்குக் கதவைத் திறக்கிறது. காலையில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் தொங்கி அழுகிற பல பிள்ளைகள் அப்பாவிடம் கைகாட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் குடையும் பையுமாக ஏற்றம் ஏறுகிற உங்கள் மனைவிக்கும் அந்த அரை மணி நேரம் தேவை.

மாமியாரிடம் ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கேட்டு வாங்குங்கள். துவைத்துப் பெட்டியில் வைத்தது வேண்டாம். அவர் கட்டிப் பழகியது. அதிலிருந்து கைக்குட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரம் தைத்து, பையனுடைய பையின் முன்பக்க அறையில் வையுங்கள். அழுகை வரும்போது அதை எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அழுக்குத்துணி என்று பிடுங்கிவிடாமல் இருப்பார். இன்னொரு துண்டைத் தலையணைக்கடியில் வையுங்கள். இதை மூடநம்பிக்கை என்று கணவர் சிரித்தால் சிரிக்கட்டும். வாசனையைப்போலச் சின்னப் பிள்ளையைச் சாந்தப்படுத்துவது வேறெதுவும் இல்லை.

அடுத்தது கழிவறை. இதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பள்ளி வேண்டாம் என்று அழுகிற இந்த வயதுப் பிள்ளைகளில் பலருக்குப் பின்னால் இருக்கிற காரணம் அதுதான். மதுரை வீட்டில் அவன் உட்கார்ந்து பழகியது ஒரு மாதிரி இருக்கும், இங்கே வேறு மாதிரி இருக்கும். தண்ணீர் ஐஸ் போலிருக்கும். கேட்க மொழி தெரியாது. அதனால் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். குளிரில் தண்ணீரும் குறைவாகத்தான் குடிப்பார்கள், மலம் இறுகிவிடும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும்; இரவில் படுக்கை நனையும். ஆக, உங்கள் வீட்டுப் படுக்கை நனைப்பில் மனசுக்கும் பங்குண்டு, குடலுக்கும் பங்குண்டு. ஒரு மாலையில் பள்ளி முடிந்த பிறகு அவனோடு போய் அந்தக் கழிவறையில் உட்காரவைத்துப் பழக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். ஆரஞ்சு, கொய்யா, அவித்த பீன்ஸ், பட்டாணி என்று நாரைக் கூட்டுங்கள். காய்கறிக்கு இந்த மலையில் பஞ்சமில்லை. இரவில் நனைத்தால் திட்டாமல் ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயது வரை அது நோய்க் கணக்கில் வராது.

ஆசிரியை சொன்ன ஆங்கில யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். வீடு, ஊர், ஆள் எல்லாம் மாறிப்போன பிள்ளைக்கு மாறாமல் கூட வந்தது அந்த மொழி ஒன்றுதான். அதையும் பிடுங்கி, உங்களுக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் ‘கம்’, ‘கோ’ என்று பேசினால் அவனுக்கு ஆங்கிலமும் வராது, உங்களோடு பேசுவதும் குறைந்துபோகும். கதையும் பாட்டும் வம்பும் வாதமும் தாய்மொழியில் நிறையக் கேட்ட பிள்ளைதான் இரண்டாவது மொழியைச் சுலபமாகப் பிடிக்கும். இந்த மாவட்டத்துப் படுகர் வீட்டுப் பிள்ளை வீட்டில் படுகு மொழி, கடையில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழ் ஒரு சுவை, கூடலூர்ப் பக்கம் மலையாளம் கலந்த பேச்சு இன்னொரு சுவை. இத்தனை மொழிகள் புழங்கும் ஊரில் பிள்ளைக்கு ஆங்கிலத்துக்காக அவசரப்பட எதுவுமில்லை. உதகைக்கு அருகில் லவ்டேலில் லாரன்ஸ் என்ற ஆங்கிலவழி உறைவிடப் பள்ளி 1858இல் தொடங்கியது. அதுவும் அதன்பின் வந்த உறைவிடப் பள்ளிகளும் வளர்த்த ஆங்கிலப் பெருமை எல்.கே.ஜி. வகுப்பு வரை கசிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பள்ளிக்குத் தேவையான நாலைந்து சொற்களை மட்டும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுங்கள்: கழிவறை, தண்ணீர், வேண்டாம், வலிக்கிறது, என் பெயர். அங்கிருக்கும் ஆயாவுக்கு நிச்சயம் தமிழ் தெரியும். ‘இவன் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்’ என்று அவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்குப் பள்ளியில் முதல் உறவு ஆசிரியையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அது ஆயாவாக இருந்தால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

அவன் பேசாமல் இருப்பதை நோய் என்று இப்போதே முடிவுகட்ட மாட்டேன். புதிய மொழிக்குள் விடப்பட்ட பிள்ளைகள் சில வாரம், சிலர் சில மாதம்கூட, வாயைத் திறக்காமல் காதால் மட்டும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் சரளமாகப் பேசிக்கொண்டு வெளியிடத்தில் மட்டும் மாதக்கணக்கில் ஊமையாகிவிடும் ஒரு பதற்ற நிலை உண்டு. அதைக் கண்டறியும்போதுகூடப் பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, மொழி தெரியாமையால் வரும் மௌனத்தையும் சேர்ப்பதில்லை. இப்போது கவனிக்க வேண்டியது வேறு: தலையசைக்கிறானா, கை நீட்டிக் காட்டுகிறானா, மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறானா, வீட்டுக்கு வந்து பள்ளிப் பாட்டை முணுமுணுக்கிறானா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது. ‘இன்றைக்குப் பேசினாயா?’ என்று தினமும் விசாரிப்பதை நீங்களும் மாமியாரும் நிறுத்த வேண்டும். மூன்று பேர் சுற்றி நின்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் பெரியவர்களுக்கே பேச்சு வராது.

குளிரும் சளியும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைக்கு இந்த உயரத்தால் ஒன்றும் ஆகாது. சளி குளிரால் வருவதில்லை, வைரஸால் வருகிறது. அது வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் மூக்கிலிருந்து வருகிறது. இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சகஜம், கூட்டமாக இருக்கப் பழகும் முதல் ஆண்டில் இன்னும் கூடும். மதுரையில் பள்ளிக்கு அனுப்பியிருந்தாலும் பிடித்திருக்கும், அப்போது மாமியார் வெயிலைக் குறை சொல்லியிருப்பார். ஒவ்வொரு சளிக்கும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்; வைரஸை அது தொடாது. வீட்டுச் சுவரில் ஈரம் கசிந்து கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறதா என்று கட்டிலுக்குப் பின்னால் பாருங்கள். இருமலும் இரைப்பும் உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. துடைத்துவிட்டுக் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள்.

உடை விஷயத்தில் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள்: தடித்த ஸ்வெட்டர், அதன் மேல் குரங்குக் குல்லாய், கண் மட்டும் தெரியும். பிள்ளை ஓடி விளையாடி உள்ளே வியர்த்து நனைந்து, அந்த ஈரத்தோடு நடுங்கும். மெல்லியதாக இரண்டு மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, சூடானால் ஒன்றைக் கழற்றச் சொல்லிக்கொடுங்கள். காலுறை மாற்று ஒரு ஜோடி பையில் எப்போதும் இருக்கட்டும்.

வீடியோ அழைப்பை இரவிலிருந்து பிற்பகலுக்கு மாற்றுங்கள். தூங்கப் போகிற நேரத்தில் அப்பத்தா திரையில் அழுவதைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்? மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஒரு மணி நேரம் குறைந்தாலே காலை அழுகை இரட்டிப்பாகும். மாமியாரிடம் இதைக் குற்றம் சொல்வதுபோல் சொல்லாமல், வேலை கொடுப்பதுபோல் சொல்லுங்கள்: ‘அத்தை, தினமும் நாலு மணிக்கு அவனுக்கு ஒரு கதை சொல்லுங்கள், பாதியில் நிறுத்தி மீதியை மறுநாள் சொல்லுங்கள்.’ ‘எப்போடா வருவாய்?’ என்ற கேள்வி மட்டும் கூடாது.

மதுரைப் பயணத்தைத் தீபாவளி வரை நிறுத்துங்கள். ஒரு பகல் முழுவதும் பஸ், மலைப்பாதையில் வாந்தி, இரண்டு நாள் செல்லம், மறுபடி பிரிவு. ஒவ்வொரு முறையும் ஜூன் மாதம் மறுபடி தொடங்குகிறது. அதற்குப் பதிலாக மாமியாரை இங்கே வரவழையுங்கள், பதினைந்து நாளாவது தங்கட்டும். காரில் வந்தால், நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் நடைமுறையில் இருக்கும் இ-பாஸைப் பதிவுசெய்ய வேண்டும்; அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் தேவையில்லை. அவர் ஒரு வெயில் காலைப் பொழுதில் பேரனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போய், அந்த ஆயாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால் போதும், ‘அனுப்பி வை’ என்ற பேச்சு பாதி குறைந்துவிடும். பையனுக்கும் இந்த ஊர் அப்பத்தா வந்துபோன ஊராகிவிடும்.

ஒரு முன்னெச்சரிக்கை. குன்னூருக்குப் பெருமழை ஜூன், ஜூலையில் வருவதைவிட வடகிழக்குப் பருவமழையில்தான் அதிகம். அக்டோபர், நவம்பரில் ஆட்சியர் திடீர் திடீரென்று விடுமுறை விடுவார்; அதற்கு முன் காலாண்டு விடுமுறை, பிறகு தீபாவளி. நன்றாகப் பழகியிருந்த பிள்ளைகூட ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் ஓரிரு நாள் அழும். அதைப் பார்த்து எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காமல், மழை விடுமுறையிலும் அதே நேரத்துக்கு எழுப்பி, குளிப்பாட்டி, பையில் தின்பண்டம் வைத்து வீட்டிலேயே சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது உங்களைப் பற்றி. ‘பேசக்கூட ஆளில்லை’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதத்திலேயே கனமாகத் தெரிந்தது. உங்கள் மகளுக்கு அடுத்த மாதம் ஒன்பது மாதம் நிறைகிறது. தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டு, வைட்டமின் ஏ முதல் தவணையும் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மதுரையில் கொடுத்த தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். ஊசி இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அங்கே பெஞ்சில் கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்களில் ஒருவராவது உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பார். வேறெங்கோ இருந்து மாற்றலாகி வந்தவராகவும் இருக்கலாம். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, வங்கிகள் என்று மாற்றல்காரர்கள் வந்துபோய்க்கொண்டே இருக்கிற ஊர் இது. பேச்சை நீங்களே தொடங்குங்கள். ‘பாப்பாவுக்கு எத்தனை மாதம்?’ என்ற கேள்விக்கு முகம் திருப்பிக்கொண்ட தாயை நான் கண்டதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு எட்டாம் மாதத்திலும் வரும். காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவரையும் பாருங்கள்.

ஊரைப் பையனுக்குச் சொந்தமாக்குங்கள். ஞாயிறு காலையில் கணவர் அவனைக் குன்னூர் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போகட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயிலில் என்ஜின் முன்னால் இருக்காது. பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மலையேறி வரும். குன்னூரில் அந்த நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு உதகைக்கு டீசல் என்ஜினை மாட்டுவார்கள். ஆவி சீறும் சத்தம், கரி படிந்த முகத்தோடு இறங்கும் தொழிலாளர்கள், நடுவே பல்சக்கரம் கடிக்கிற தண்டவாளம். மூன்றரை வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய திருவிழா இல்லை. அடுத்த வாரம் அப்பத்தாவிடம் சொல்ல அவனுக்கு ஒரு கதையும் கிடைத்துவிடும். 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா இன்னொரு இடம்; சீசன் கூட்டம் இல்லாத வார நாளில் போங்கள். அந்தி சாய்ந்த பிறகு மட்டும் பிள்ளைகளோடு ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டாம். காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டத்திலிருந்து தெருவுக்கு வருவது இங்கே செய்தியே கிடையாது.

பள்ளியில் நேரத்தைக் குறைக்கவோ உங்களை உள்ளே உட்காரவைக்கவோ மறுத்தால் என்ன செய்வது? அப்போது பள்ளியை மாற்றுங்கள், தயக்கம் வேண்டாம். மாற்றும்போது தெருக்கோடி அங்கன்வாடியையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். 1975இல் தொடங்கிய திட்டம் அது. கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள், முட்டையோடு மதியச் சாப்பாடு உண்டு, நடந்துபோகும் தூரம். வங்கி ஊழியர் பிள்ளை அங்கே போவதா என்று யாராவது கேட்டால், ஓராண்டு அங்கே சிரித்துக்கொண்டு இருந்துவிட்டு யு.கே.ஜி.க்குப் போகிறவன் ஒன்றும் இழந்துவிட மாட்டான் என்று சொல்லுங்கள்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. பள்ளியில் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் மட்டும் உடல் விறைக்கிறான், உடம்பில் காரணம் தெரியாத காயம் இருக்கிறது, அந்தரங்க உறுப்பில் வலி என்கிறான் என்றால் அன்றே பள்ளியை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அதற்குத்தான் இருக்கிறது. எடை குறைந்தாலோ, இரவில் இரைப்போடு மூச்சுத் திணறினாலோ, வாய் திறந்தபடி குறட்டை விட்டுத் தூங்கினாலோ, வீட்டில் பேசிவந்த சொற்களையும் இழக்கத் தொடங்கினாலோ உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், தீபாவளி கழிந்து ஒரு மாதம் ஆகியும் பள்ளியில் தமிழில்கூட வாய் திறக்கவில்லை, அழுகை நிற்கும் நேரமும் குறையவில்லை என்றால், பிள்ளைகளின் வளர்ச்சி, பேச்சுச் சிக்கல்களைப் பார்க்கும் அரசு ஆரம்பநிலை இடையீட்டு மையம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்து அழைத்துப்போங்கள். போகும்போது அவன் வீட்டில் தங்கையோடு பேசி விளையாடுவதை மொபைலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் அவன் ஒரு வார்த்தையும் பேச மாட்டான். எங்களுக்கு அந்த இரண்டு நிமிட வீடியோ மிகவும் உதவும்.